எண்ணெயில் நான் கலந்தது

முதலில் அது என் காதில்தான் விழுந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய செய்தித்தாளைக் கசக்குவது போல மெல்லிய சத்தம் வந்தது. எழுபது நாள் குழந்தையின் காலிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகச் செதிள் எழும்பியிருந்தது. விரலால் தடவியதும் மாவாக உதிர்ந்தது.

வறண்ட தோலுள்ள குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தால் அதுவே போதும்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. எங்கள் வீடு தச்சநல்லூரில். நான் ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். வாரத்தில் ஐந்து நாள் பாபநாசத்தில் தங்கிவிடுவார். எனக்கு அம்மா இல்லை. அதனால் ஆவணியில் மகள் காந்திமதி பிறந்தபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சேரன்மகாதேவியிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். பிரமு மதினி.

மதினிக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடமாகக் குழந்தை இல்லை. ஊரில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர் போனால் காப்பி கொடுப்பார்கள், பிள்ளையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை அப்போதுதான் தூங்கியிருக்கும், அல்லது பால் குடிக்கும் நேரமாக இருக்கும். மதினியும் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். எங்கள் வீட்டில்தான் முதல்முதலாக ஒரு பச்சைப் பிள்ளை முழுசாக அவர் மடிக்கு வந்தது.

அவர் குளிப்பாட்டுவதைப் பார்க்கத் தெருப்பெண்கள் வந்து உட்காருவார்கள். மணையில் அமர்ந்து காலை நீட்டி, காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்ப்பார். அரை மணி நேரம். அதன் பிறகு பாசிப்பயற்றம் மாவு, கஸ்தூரி மஞ்சள். அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். எண்ணெய் வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிற காந்திமதி, மாவு பட்டதும் வீறிடுவாள்.

“பைய தேயுங்க மதினி” என்பேன்.

“நீ சும்மா இரு. தேய்க்கத் தேய்க்கத்தான் நெறம் வரும். பொட்டப் பிள்ளைல்லா?”

ஐப்பசி மழையோடு கன்னம் இரண்டும் சிவந்தன. முழங்கை மடிப்பிலும் கழுத்து மடிப்பிலும் தோல் வெடித்து நீர் கசிந்தது. அரிப்பு தாங்காமல் பிள்ளை தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொண்டாள். நான் பழைய வேட்டித் துணியில் இரண்டு சின்னப் பைகள் தைத்து அவள் கைகளை உள்ளே விட்டு மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன். பெற்ற பிள்ளையின் கையைக் கட்டிப் போட்ட முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பழகிவிட்டது. எதுவும் பழகிவிடுகிறது என்பதுதான் இந்த நோயில் நான் கண்ட பெரிய ஆபத்து.

தெருவில் ஒரே குரலாகத் தீர்ப்புச் சொன்னார்கள். இது கரப்பான், தாய் தின்றதுதான் பிள்ளையில் வந்திருக்கிறது. கத்தரிக்காய், தக்காளி, கடலை என்று ஒவ்வொன்றாக என் தட்டிலிருந்து போயின. கடைசியில் மோர்ச்சோறும் வறுத்த உப்பும் மிஞ்சின. எனக்குக் கன்னம் ஒட்டியதே தவிர, பிள்ளையின் கன்னம் ஆறவில்லை.

வண்ணார்பேட்டையில் இருந்த தோல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எக்சிமா (தோலால் தன் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் காய்ந்து, அரித்து, வெடிக்கும் நோய், பரம்பரைச் சாயல் உண்டு, தொற்றாது) என்றார். மாவை நிறுத்தச் சொன்னார். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐந்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி முடித்து, துண்டால் ஒற்றி எடுத்த மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். இது மட்டுமே இந்த நோய்க்குப் பாதி வைத்தியம். இன்றைக்கும் இதுதான் உண்மை.

மீதிப் பாதிக்கு ஒரு சின்ன ட்யூப் எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு களிம்பு (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து, நம் உடம்பே கொஞ்சமாகச் சுரக்கும் ஒன்றின் செயற்கை வடிவம்).

“செவந்த எடத்துல மட்டும், மெல்லிசா. ஏழே நாள். அதுக்கு மேல என்னைக் கேக்காம ஒரு பொட்டுகூடப் போடக் கூடாது. புரியுதாம்மா?”

புரிகிறது என்று தலையை ஆட்டினேன். புரிந்தும் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

நாலே நாளில் கன்னம் பளிச்சென்று ஆகிவிட்டது. கைப்பைகளை அவிழ்த்து எறிந்தேன். ஏழாம் நாள் நிறுத்தினேன். பத்தாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் மாவை இன்னும் மதினி நிறுத்தவில்லை என்று தெரிந்தால் அவர் ஏசுவார் என்று பயந்து, மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சீட்டே கேட்கவில்லை. “இதைவிடப் பவரா ஒண்ணு வந்துருக்கு, நாளைக்கே சரியாப் போவும்” என்று வேறொரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்.

மதினிக்குக் களிம்பு என்றாலே ஆகாது. “கரப்பானை வெளியே வர விடணும். ஆயின்மெண்டு போட்டு அடக்குனா உள்ள போயி மூச்சு இளைப்பா மாறிரும். எங்க சித்தி பேத்திக்கு அப்படித்தான் ஆச்சு” என்பார். நான் ட்யூபை ஜன்னலில் வைத்தால் அது காணாமல் போகும். ஒன்றை அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்தேன். இன்னொன்று ஓட்டுக்கூரை மேல் கிடந்தது. கேட்டால், காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் என்று கூசாமல் சொல்வார்.

கார்த்திகையில் என் பிரசவ விடுப்பு முடிந்தது. காலையில் நான் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். பகல் முழுவதும் பிள்ளை மதினியிடம். யார் கை ஓங்குவது என்கிற போட்டியில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு காலை, தேங்காய் எண்ணெய் உறைந்துபோய்க் கிடந்தது. இளக்குவதற்காகப் பாட்டிலை வெந்நீரில் வைத்திருந்தேன். மதினி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு ட்யூபையும் பிதுக்கிப் பாட்டிலுக்குள் விட்டு நன்றாகக் குலுக்கினேன். வெள்ளையாகச் சுழன்று, சுழன்று, கரைந்துவிட்டது. மூடியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

எப்படி என் கெட்டிக்காரத்தனம் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஒளித்து வைக்கிறாயா, ஒளித்து வை. இனி உன் கையாலேயே நீ மருந்து போடுவாய்.

சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, ஏழு நாள் போடச் சொன்ன மருந்தைவிடப் பன்மடங்கு வீரியமான ஒன்றை, உச்சி முதல் உள்ளங்கால் வரை, அரை மணி நேரம் அழுத்தித் தேய்த்து, வெந்நீர் ஊற்றித் தோலைத் திறந்துவிட்டு, தினமும், நான்கு மாதம். இதைத்தான் நான் ஏற்பாடு செய்திருந்தேன். பாட்டில் காலியாகும்போதெல்லாம் மருந்து கலந்து நிரப்புவது என் வேலை. அந்த வேலையை ஒரு நாளும் மறக்கவில்லை.

பிள்ளை பூரித்துப் போனாள். தை பிறந்தபோது உடம்பில் ஒரு செதிள் இல்லை. நிறம் வெளுத்தது. கன்னம் உப்பி, மூக்கே உள்ளே அமுங்கித் தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. டவுணில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனால், முன்பின் தெரியாதவர்கள் நின்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள். “பாத்தியா கோமதி, என் கைராசியை?” என்று மதினி கேட்பார். “ஆமா மதினி” என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மாசியில் ஒரு விசித்திரம் நடந்தது. தெருப்பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மதினியிடம் வர ஆரம்பித்தார்கள். “எங்க பிள்ளைக்கும் ஒரு கை தேச்சு விடுங்கக்கா.” பதினேழு வருடமாகக் காப்பியை மட்டும் கொடுத்து அனுப்பிய உலகம், வரிசையில் நின்று பிள்ளையை நீட்டியது. மதினி தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, பூசைக்கு உட்காருவது போல மணையில் உட்காருவார். அந்தக் குழந்தைகளுக்காக நான் தனியாக வேறொரு எண்ணெய்ப் பாட்டில் வாங்கி வைத்தேன். “நம்ம பிள்ளை எண்ணெயை மத்ததுகளுக்குத் தொடாதீங்க மதினி, தோஷம் ஒட்டிக்கிடும்” என்று சொன்னேன். ஊரார் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. என் பிள்ளைக்கு மட்டும் ஆகும் என்று எப்படி நினைத்தேன்?

அடையாளங்கள் கண்முன்னேதான் இருந்தன. சட்டை அகலத்தில் பிடித்ததே தவிர நீளத்தில் குறையவில்லை. நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி அடர்ந்தது. அதையும் மதினி மாவு உருட்டி எடுக்கப் பார்த்தார். தொடையில் சிவப்பாகக் கோடுகள் விழுந்தன. அழுத்திப் பிடித்தால் விரல் தடம் நீலமாகக் கன்றியது. ஏழு மாதமாகியும் குப்புற விழவில்லை. “கனத்த பிள்ளை, பையத்தான் விழும்” என்றார்கள். கொழுகொழுவென்று இருக்கிற ஒரு குழந்தைக்கு நோய் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சித்திரையில் டவுணில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஆரோக்கியக் குழந்தைப் போட்டி ஒன்று நடந்தது. மதினிதான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிப் போனார். கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

மேடைக்குக் கீழே ஒரு பெண் மருத்துவர் குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். காந்திமதியின் எடையைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. நீளத்தை அளந்தார். ஏதோ யோசித்து இன்னொரு முறை அளந்தார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். தொடைக் கோடுகளை விரலால் தடவினார்.

“பிள்ளைக்கு என்ன மருந்து கொடுக்கீங்க?”

“மருந்து ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா” என்று மதினி முந்திக்கொண்டார். “எண்ணெயும் பயத்தமாவும்தான். மத்தது இந்தக் கை.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதான தாய்? ஏதாவது ஆயின்மெண்ட் போடுதீங்களா?”

“இல்லை” என்றேன்.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பாக்கணும்” என்று பாளையங்கோட்டையில் இருந்த மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். அதற்குள் ஒலிபெருக்கியில் எங்கள் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். எடையை வைத்து முதல் பரிசு. ஒரு பெரிய அதிகாரியின் மனைவி நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கொடுக்க, மதினி மேடையில் நின்று வாங்கினார். அழுதுகொண்டே சிரித்தார். நோய்க்குத்தான் அந்தப் பரிசு என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்குத் தெரியும், இன்னொருத்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த இன்னொருத்தி நான்.

மறுநாள் நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, எண்ணெய்ப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கழுவிக் காயவைத்து, வெறும் எண்ணெயை நிரப்பி வைத்தேன். பத்து நாள் போகட்டும், உடம்பிலிருந்து எல்லாம் இறங்கிவிடும், அப்புறம் கூட்டிப் போனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. இது என் கணக்கு.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி போல ஒரு சின்னச் சுரப்பி (அண்ணீரகச் சுரப்பி) உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அதிலிருந்து சுரப்பதுதான். வெளியிலிருந்து அதே பொருள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், அந்தச் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அப்போது வெளியிலிருந்து வருவதையும் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்குத் துணை யாரும் இல்லை. மாதக்கணக்கில் போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் சொல்படிதான் குறைக்க வேண்டும். போட்டது என் முதல் தவறு. ஒரே நாளில் நிறுத்தியது அதைவிடப் பெரிய தவறு.

மூன்றாம் நாள் பிள்ளையின் உடம்பு முழுக்கத் தோல் வெந்தது போலச் சிவந்தது. “எவ கண்ணு பட்டுச்சோ” என்று மதினி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஐந்தாம் நாள் காலையில் இலேசாகக் காய்ச்சல். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பத்து மணிக்கெல்லாம் தலை நிற்காமல் தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பார்க்கவில்லை. தபாலாபீஸ் போனிலிருந்து பாபநாசத்துக்குச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குப் பறந்தோம்.

அங்கே, போட்டியில் எடை போட்ட அதே மருத்துவர்தான் இருந்தார். பிள்ளையைப் பார்த்த உடனே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்று உள்ளேயிருந்து குரல்கள் வந்தன. சற்றுப் பொறுத்து வெளியே வந்து மதினியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னத்தத் தேச்சீங்க? நாட்டு மருந்தா? பச்சிலையா?”

“எண்ணெதாம்மா. எங்க நெல்லையப்பர் சத்தியமா வெறும் எண்ணெதான்.”

“வெறும் எண்ணெயில இப்படி ஆகாது.”

மத்தியானம் என் கணவர் வந்து சேர்ந்தார். விவரம் கேட்டதும் அக்காவின் மேல் பாய்ந்தார். “ஒன் கைவைத்தியத்தை இங்கன கொண்டுவராதன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? பெத்துப் பாத்திருந்தால்லா ஒனக்குத் தெரியும்!”

நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி சுவரோடு ஒட்டிக்கொண்டு, “ஏலே, நான் எண்ணெதானல தேச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பியின் கையைப் பிடிக்கப் போனார். அவர் உதறினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எதிரே சுவரில் ஒரு கடிகாரம். பிள்ளையை உள்ளே கொண்டுபோனதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். இந்த வயதுவரை எத்தனை ஆயிரம் வாக்கியங்களைத் தட்டச்சு செய்திருப்பேன். அந்த ஒன்று வரவில்லை.

கடைசியில் சொன்னதும் நல்ல மனதால் அல்ல. மருத்துவர் மறுபடி வெளியே வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். “ஒரே ஒரு தடவை கேக்கேன். ஸ்டீராய்டு போட்டிருந்தா சொல்லுங்க. அதுக்கு மாத்து ஊசி என் கையில தயாரா இருக்கு. இல்லைன்னா நான் வேற எங்கயாவது தேடணும். தேடுற வரைக்கும் பிள்ளை தாங்காது.”

“எண்ணெயில கலந்து வச்சேன்” என்றேன். “இவங்களுக்குத் தெரியாது.”

மருத்துவர் ஏசவில்லை. எந்த மருந்து, எவ்வளவு நாள், எப்போது நிறுத்தினேன் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு உள்ளே போனார். ஊசி போட்டார்கள். சாயங்காலம் காந்திமதி கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதாள். என் கணவர் அதற்குப் பிறகு என்னிடம் பேச மூன்று வாரம் ஆயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மதினி மட்டும் பக்கத்தில் வந்தார். “என் கையாலயா கோமதி?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவர் நடைபாதைக் குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார். உள்ளே பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டபோது வாசலோடு நின்றுகொண்டார். மறுநாள் காலை சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மீண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது சுருக்கமாக நடக்கவில்லை. அதே ஸ்டீராய்டை மாத்திரையாகப் பொடித்துக் கொடுத்து, சிறுகச் சிறுகக் குறைத்து, நிறுத்துவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தோல் பழைய நோயைவிட மோசமாகத் திரும்பியது. படுக்கையில் செதிள்களைக் கையால் கூட்டி அள்ளினேன். குளிப்பாட்டிய மூன்று நிமிடத்துக்குள் வாசலின் தடவி, நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, மேலே உலர்ந்த துணியைச் சுற்றி, தினமும் ஓடினேன். மாவு இல்லை, வாசனைச் சோப்பு இல்லை, சாம்பிராணிப் புகை இல்லை. குறைந்த வீரியமுள்ள களிம்பு சில நாட்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் கண்முன்னால். களிம்பு எதிரி அல்ல. பயந்து அதைத் தொடாமலே பிள்ளையை அரிக்க விடுகிறவர்களும் இருக்கிறீர்கள், அதுவும் வேண்டாம். கேட்காமல் போடாதீர்கள், கேட்காமல் நிறுத்தாதீர்கள். போட்டதை மறைக்காதீர்கள்.

இரண்டு மாதத்தில் கன்னம் வற்றிவிட்டது. பழைய ஒல்லிப் பிள்ளை வெளியே வந்தாள். தெரு அதற்கும் தீர்ப்புச் சொன்னது. “பிள்ளை இல்லாதவ கை பட்டா இப்படித்தான்.” வரிசையில் நின்று பிள்ளைகளை நீட்டிய அதே பெண்கள். ஒருத்தி நேராக என்னிடமே கேட்டாள், அந்த அக்கா எதைத் தேய்த்தாள் என்று. “எண்ணெய்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மருத்துவமனையில் பேசாமல் நின்றதற்குப் பயம் என்றாவது ஒரு பெயர் உண்டு. இதற்கு என்ன பெயர்? பிள்ளை பிழைத்த பிறகும் நான் மதினியைக் காப்பாற்றவில்லை.

காந்திமதிக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறாள், உயரம் போதாததால். தொடையில் அந்தக் கோடுகள் வெளுத்து வெள்ளிக் கம்பியாகக் கிடக்கின்றன. மார்கழியில் தோல் வறளும், வாசலினுக்கு அடங்கும். பஸ்ஸில் கொழுத்த குழந்தையைக் கண்டால் எல்லோர் கண்ணும் கன்னத்துக்குப் போகும். என் கண் நெற்றி முடிக்குப் போகும், தொடைக்குப் போகும். பிறகு தாயின் முகத்துக்குப் போகும்.

மதினி வருடத்துக்கு ஒரு தடவை நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வருவார். என்னோடு பேசுவார், குறை வைக்க மாட்டார். ஆனால் பிள்ளையைத் தொட மாட்டார். பாவாடைத் துணி வாங்கி வந்தால் நாற்காலியில் வைத்து, எடுத்துக்கொள் என்பார். இருக்கிற நேரம் முழுக்கக் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருப்பார்.

போன தேருக்கு முந்தின நாள், காந்திமதி என்னிடம் கேட்டாள்: “அத்தைக்கு என்னயப் பிடிக்காதாம்மா? ஏன் தூக்கவே மாட்டுக்காங்க?”

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு. “அத்தைக்குக் கையில வலி, அதான்” என்றேன்.

மறுநாள் மதினி வந்து உட்கார்ந்ததும் அவள் நேராகப் போய் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை இழுத்து வெளியே எடுத்தாள். மதினி பதறிப் பின்னால் சாய்ந்தார். அவள் விடவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

“கை வலிக்குதாமே அத்தை? அம்மா சொன்னா.”

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன்.

“ஆமாட்டி” என்றார். “வலிக்கத்தான் செய்யுது.”

“எத்தனை நாளா?”

“நீ எட்டு மாசப் பிள்ளையா இருந்ததுல இருந்து.”